ஜப்பான் போனும் மாரமங்கலத்து டவரும்

போன வாரம் நந்தினி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த செல்போன் கடையின் கவுண்டரில் இப்போது நிற்பவள் அவள்தான். ஒரு புதுப் போனை நாலு பக்கமும் திருப்பி எடுத்த படம். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "அக்கா, அமெரிக்காவுல இருந்து வந்திருக்கு. சிம் போடற எடமே இல்லீங்க. இதை எப்புடிப் பாக்கறது?"

சிம் தட்டு இல்லாத போன்கள் மலைக்கும் ஏறி வரத் தொடங்கிவிட்டன. அதில் கம்பெனியிடம் சொல்லி எண்ணை உள்ளேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னேன். மறுநாள் இன்னொரு கேள்வி வந்தது, அதற்கு மறுநாள் இன்னொன்று. கடைசியில் அவளே, "பேசாம எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருங்கக்கா. நான் கூப்பிடறப்பெல்லாம் உங்க பாப்பா முழிச்சுக்குது" என்றாள்.

ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது போல எழுத எனக்கு வயதில்லை. மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. மலைக்குளிரில் அவளுக்கு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிறது, அதனால்தான் வேலையை விட்டேன். திரும்பப் போகப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே என் வேலைக்காலம் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, நந்தினிக்கும் அவளுக்குப் பிறகு அங்கே நிற்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் கணினி படித்தேன். சேலத்தில் வேலை தேடினேன், கிடைக்கவில்லை. ஏற்காட்டு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்தில் இருந்த ஜாபர் பாயின் கடையில், கிடைக்கும் வரைக்கும் என்று சேர்ந்து, ஐந்தாறு வருடம் இருந்துவிட்டேன். முதல் வருடம் முழுக்கக் கண்ணாடி ஒட்டினேன், ரீசார்ஜ் செய்தேன், ஏரியில் போனைப் போட்டுவிட்டு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஆறுதல் சொன்னேன். அதில் கற்றுக்கொண்டதாகச் சொல்ல பெரிதாக எதுவும் இல்லை.

கற்றுக்கொண்டது வெளிநாட்டுப் போன்களில்தான். அவற்றைப் பாய் வேறு யாரிடமும் விடமாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவசரமாக இருக்கும்போது இன்னும் மெதுவாகத்தான் பேசுவார். யாராவது துபாய் போனையோ சிங்கப்பூர் போனையோ கவுண்டரில் வைத்தால், அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார். "ஊடு எங்கீங்க?"

வந்தவர்கள் திகைப்பார்கள். போனுக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. ஏற்காடு டவுனில் எல்லாக் கம்பெனி டவரும் எடுக்கும். கரடியூரில் ஒன்றுதான் எடுக்கும், தலைச்சோலையில் சரிவைப் பொறுத்து வேறொன்று. கடையில் வேலை செய்கிற போன் வீட்டில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த ஊரில் எந்தக் கம்பெனி எடுக்குமோ அந்தக் கம்பெனி சிம்மைத்தான் போட்டுப் பார்ப்பார். அதற்கு முன் போனின் அடையாள எண்ணை வரவழைத்து, பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுவார். பிறகு சிம். பிறகு அந்தப் போனிலிருந்து கடைப் போனுக்கு ஒரு சாதாரண அழைப்பு. கடையிலிருந்து அதற்கு ஒன்று. பிறகு ஒரு குறுஞ்செய்தி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நெட்டைத் திறப்பார்.

ஒருமுறை நான் அவசரப்பட்டு முதலிலேயே நெட்டைத் திறந்தபோது என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கிக்கொண்டார். "நெட்டுங்கறது இனிப்பு, கண்ணு. அதை மொதல்ல குடுத்துட்டா அப்பறம் வேற எதையும் தொடமாட்டாங்க."

எஸ்டேட் ரைட்டர் ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. கூலியாட்களின் கணக்கைப் பார்க்கிறவர், யார் சொன்னாலும் லேசில் நம்பாதவர். மகன் அமெரிக்காவிலிருந்து கொடுத்தனுப்பிய போனை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். சிம்மைப் போட்டதும், இந்த சிம் செல்லாது என்று திரையில் வந்தது.

"உங்க கடை சிம்மு பழசுங்க பாய்."

"சரிங்க ரைட்டரே. உங்க சிம்மையே போட்டுப் பாருங்க."

போட்டார். அதே எழுத்து. சற்று நேரம் பார்த்துவிட்டு, "குளுருக்கு இப்புடி ஆகுமுங்களா?" என்றார்.

"போனுக்குக் குளுராதுங்க. பூட்டியிருக்குது. வித்த கம்பெனி தன்னோட சிம்மு மட்டும் போகோணும்னு பூட்டி வெச்சிருக்குது. சாவி அமெரிக்காவுல இருக்குது."

"சாவி இருந்தா எம்பையன் குடுத்து உட்டிருப்பானே. அவன் மறக்கற ஆள் இல்லீங்க."

பாய் சிரிக்கவில்லை. வாங்கியவரே அந்தக் கம்பெனியிடம் கேட்டால்தான் பூட்டைத் திறப்பார்கள் என்று பொறுமையாக விளக்கி, மகனிடம் கடையிலிருந்தே பேசவைத்தார். மகன் கேட்டான், கொஞ்ச நாளில் திறந்தது. ஏற்காட்டிலிருந்தபடியே பாய் அமெரிக்காப் பூட்டைத் திறந்துவிட்டார் என்று ரைட்டர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுப் பீரோச் சாவி தொலைந்தவர்கள்கூட கடைக்கு வந்து கேட்டார்கள்.

பூட்டிய போன் நல்ல போன். தான் வேலை செய்யமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். சொல்லாத போனும் உண்டு. அப்படி ஒன்றை நான் பார்த்தேன். அது புவனாவுடையது.

புவனாவுக்கு ஊர் மாரமங்கலம். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம். அரசு ஆஸ்பத்திரியில் மாதப் பரிசோதனைக்கு வந்தவள் அப்படியே கடைக்கு வந்தாள். கணவர் சதீஷ் ஜப்பானில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். விடுமுறையில் வந்த நண்பர் மூலம் அவளுக்கு ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கு ஒரு கவர் வேண்டும், அவ்வளவுதான். பாய் சரக்கு எடுக்கச் சேலத்துக்கு இறங்கியிருந்தார். நான் அவர் கேட்பதைப் போலவே ஊரைக் கேட்டு, போனைப் பார்த்துத் தரட்டுமா என்றேன்.

"எதுக்குங்கக்கா? ஒரு வாரமா தெனமும் அவரோட பேசிட்டுத்தான் இருக்கறேன். பக்கத்துல ஒக்காந்த மாதிரி மூஞ்சி நொம்ப நல்லாத் தெரியுது" என்றாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் எடுத்துவிடுவார்கள் என்று அவள் வாசலையே பார்த்தாள். அந்த மாடலுக்குக் கவர் இல்லாததால், வந்ததும் சொல்கிறேன் என்று அவளுடைய எண்ணை வாங்கிக்கொண்டேன். போய்விட்டாள்.

கவர் வந்ததும் அவளை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாரமங்கலம் என்றால் அது ஆச்சரியமில்லை. மழை வந்தாலே டவர் போய்விடும் ஊர் அது. மறுநாள் அழைத்தேன், அதேதான். வாட்ஸ்அப்பில், "கவர் வந்திருக்கு" என்று எழுதினேன். அனுப்பி விரலை எடுப்பதற்குள் இரண்டு டிக் விழுந்து, அவை நீலமாகவும் மாறிவிட்டன.

நான் எதையும் ஒரு முறை பார்த்துவிட்டு நகர்கிறவள் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். அந்த நீல டிக்கைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அவளை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. டவர் இல்லாவிட்டால் டிக் எப்படி விழும்? டவர் இருந்தால் அழைப்பு ஏன் போகவில்லை?

பாயிடம் காட்டினேன். "வாட்ஸ்அப்புல எண்ணைப் பதியறப்ப ஒரு நம்பர் வருமே, அது அந்தப் போனுக்கே வந்துச்சான்னு கேளு" என்றார்.

கேட்டேன். புவனா குரல் செய்தியாகப் பதில் அனுப்பினாள். "அது வரலைங்கக்கா. சிம்மைப் பழைய போன்ல போட்டு வாங்கிட்டு, அப்பறம் இதுல போட்டோம்."

பாய் அதை இரண்டு முறை கேட்டார். "அப்ப அந்தப் போன்ல பேச்சு இல்ல கண்ணு. நெட்டு மட்டுந்தான் இருக்குது."

நந்தினிக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். மாரமங்கலத்தில் புவனாவின் வீட்டுப் பக்கம் எடுப்பது ஒரே ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியில் சாதாரணப் பேச்சும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் போன் அந்தக் கம்பெனியை அறிந்திருக்க வேண்டும். ஜப்பான் கம்பெனிக்கென்றே செய்த போனுக்கு நம் ஊர்க் கம்பெனியைத் தெரியாது. நெட் ஓடும், வீடியோவில் முகம் தெரியும். ஆனால் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் போகாது, வராது.

இது ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றால், நம் ஊரில் வெளிநாட்டுப் போன் கைக்கு வந்ததும் முதல் அழைப்பு அதை வாங்கி அனுப்பியவருக்குத்தான். அதுவும் வீடியோவில், போனை வைத்திருக்கும் கையையும் முகத்தையும் காட்டி. அந்த அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் போன் வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறோம். பிறகு புவனாவின் அம்மா வீட்டார் பேசுவதும் வாட்ஸ்அப்பில்தான். வேறு யாராவது சாதாரணமாக அழைத்துக் கிடைக்காவிட்டால், மாரமங்கலத்து டவரைத் திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். ஊரின் கெட்ட பெயருக்குள் போனின் குறை ஒளிந்துகொண்டது.

எட்டு மாதப் பெண். மேடேறிப் போக வேண்டிய வீடு. மாமியாரிடம் ஒரு பட்டன் போன் உண்டு, பகலில் அதை எடுத்துக்கொண்டு எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார். பழைய போன் சேலத்தில் படிக்கும் கொழுந்தனிடம் போயிருந்தது. அந்த வீட்டிலிருந்து பகல் நேரத்தில் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியே இல்லை.

புவனாவிடம் சொன்னேன். எழுதினேன், பேசியும் அனுப்பினேன். அவள் தயங்கித் தயங்கி, "அவர் ஆசையா வாங்கி அனுப்புனதுங்கக்கா. அது சரியில்லைன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்?" என்றாள். பின்னாலிருந்து மாமியாரின் குரலும் அதில் பதிவாகியிருந்தது: "ஏனுங், போன் விக்கோணும்னா நேராச் சொல்லோணும். வந்த போனைக் கெட்டுப் போச்சுன்னு சொல்லப்படாது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பாய் தலையை ஆட்டினார். "சொல்லட்டும். விக்க வேண்டாம். கடையில இருக்கற பட்டன் போன்ல ஒண்ணைக் குடுத்து உடு. கொழந்தை பொறக்கற வரைக்கும் வெச்சிருக்கட்டும்."

மலையில் ஒரு பொருளை அனுப்புவதென்றால் பஸ்தான். டிரைவர் கையில் கொடுத்து, எந்த ஊர் எந்தக் கடை என்று சொன்னால் போதும். அவளுடைய சிம் வேலை செய்யக்கூடிய பட்டன் போன் ஒன்றைப் பொட்டலம் கட்டி, மாரமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் சேர்க்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்தது. மழை விட்டதும் வாங்கிக்கொள்கிறேன் என்று புவனா எழுதினாள். மழை விடவில்லை.

அன்று காலையிலிருந்தே மழை. கடைக்கு எதிரே இருக்கும் மரமே தெரியவில்லை. என் மகளுக்கு லேசான காய்ச்சல், அவளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மதியத்துக்கு முன் என் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. புவனா மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அக்கா... 108 அடிச்சா கட்டாயிடுதுக்கா. அத்தை வேலைக்குப் போயிட்டாங்க. தண்ணி ஒடஞ்சிருச்சு. நாள் இன்னும் இருக்குதுக்கா..."

நான் எழுந்து நின்றது தெரியும். என்ன சொன்னேன் என்று தெரியாது. பாய் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். கடையின் இரண்டு போன்களையும் என் முன்னால் வைத்தார். "உன் போன்ல அந்தப் புள்ளையைக் கூப்பிடு. நெட்டுலயே. வைக்காம பேசிக்கிட்டே இரு. கடைப் போன்ல 108 போடு."

வீடியோவில் அவள் முகம் வரவில்லை. ஓட்டுக் கூரையும் ஒரு மின்விளக்கும் தெரிந்தன. போனைப் பக்கத்தில் போட்டுவிட்டாள் போல. மறுகாதில் 108-இல் ஒரு பெண் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர், எத்தனையாவது மாதம், முதல் குழந்தையா. எல்லாம் சொன்னேன். "டிரைவர் கூப்பிடறதுக்கு அவங்க நம்பர் சொல்லுங்க" என்றார்.

நான் புவனாவின் எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். பாயின் கை போனின் மேல் வந்து மூடியது.

"அந்த நம்பரைக் குடுக்காத கண்ணு. டிரைவர் அடிப்பாரு, போகாது. வழி தெரியாம நின்னுருவாங்க. நம்ம கடை நம்பரைக் குடு. அந்த டீக்கடை அக்கா நம்பரையும் குடு."

இரண்டையும் கொடுத்தேன்.

வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். பாய் மற்ற போனில் டீக்கடை அக்காவைப் பிடித்தார். "ஏனுங்க்கா, கடையைப் போட்டது போட்டபடி உடுங்க. சதீஷ் ஊட்டுக்குப் போங்க. அந்தப் புள்ளைக்கு வலி வந்துருச்சு. வழியில ஆள் யாராச்சும் இருந்தா, வண்டி வந்தாக் கை காட்டச் சொல்லி ரோட்டுல நிறுத்திட்டுப் போங்க."

"பாலு அடுப்புல இருக்குதுங்க பாய்."

"பொங்கிட்டுப் போகுது. நான் வேற வாங்கித் தர்றேன்."

"உங்க பாலு ஆருக்கு வேணும்" என்று அவர் சொல்லும்போதே அவர் நடக்கத் தொடங்கியது மூச்சில் கேட்டது.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். "புவனா, வண்டி வந்துட்டு இருக்கு. இடது பக்கமாச் சாஞ்சு படுத்துக்க. கதவுத் தாழ்ப்பாளை எடுத்துட்டியா சாமி?" ம் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு கூரை அசையாமல் நின்றது. மின்விளக்கு பாதி வெளிச்சத்தில் உறைந்துவிட்டது. அழைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தேன். போகவில்லை. மறுபடி.

"பேச்சுக்கு நெட்டு பத்தலை. எழுத்து போகும், எழுது" என்றார் பாய். எழுதினேன். ஒற்றை டிக். இன்னொன்று எழுதினேன். ஒற்றை டிக். நான் அனுப்பியவை சாம்பல் நிறத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. அப்போது என் வீட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மகளின் காய்ச்சல்தான் மனதில் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டு அழைப்பை எடுக்காமல் வெட்டினேன்.

டிரைவர் கடைக்கு அழைத்தார். "பள்ளிக்கூடத்துகிட்ட வந்துட்டோமுங்க. ரெண்டா வழி பிரியுது. பனியில ஒண்ணும் தெரியலை. எந்தப் பக்கமுங்க?"

அந்த ஊருக்கு நான் ஒரு முறைகூடப் போனதில்லை. பாயைப் பார்த்தேன். அவர் டீக்கடை அக்காவின் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "மேட்டு வழியாமா, பள்ளத்து வழியாமா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்தவருக்கு டவர் விட்டுவிட்டிருக்க வேண்டும். டிரைவர் மறுபடி, "ஏனுங்க, எந்தப் பக்கம்?" என்றார். பாய் காதில் வைத்திருந்த போனையே பார்த்தேன். ஒரு நிமிஷமா, அதற்கும் குறைவா, தெரியாது. பிறகு டிரைவரே, "இருங்க இருங்க. ஆரோ சாக்கைப் போத்திக்கிட்டு கை காட்டறாங்க" என்றார். வண்டியின் இரைச்சல் கூடியது. லைன் கட்டானது.

ஷட்டருக்கு வெளியே ஒருவர் குனிந்து, "ரீசார்ஜ் உண்டுங்களா?" என்று கேட்டார். பாய், "கொஞ்ச நேரங் கழிச்சு வாங்க" என்றார். என் போனில் சாம்பல் டிக்குகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். முதல் செய்திக்கு இரண்டாவது டிக் விழுந்தது. அதற்கடுத்ததற்கும். எல்லாவற்றுக்கும் விழுந்தது. ஒன்றுகூட நீலமாகவில்லை.

கடைப் போன் அடித்தது. டீக்கடை அக்கா. "ஏத்தியாச்சுங்க பாய். நானும் வண்டிலதான் வர்றேன். நர்ஸம்மா பக்கத்துலயே இருக்குது. புள்ளை கையைப் புடிச்சுக்கிட்டே வருது, என் கை ஒடஞ்சு போயிரும் போல."

பெண் குழந்தை. ஏற்காடு ஆஸ்பத்திரியில் பிறந்தது. முன்கூட்டியே வந்ததால் எடை குறைவு என்று தாயையும் குழந்தையையும் சேலத்துக்கு இறக்கி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சேதி வந்ததும் பாய் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு, "அந்தப் போன் ரெண்டையும் சார்ஜுல போடு" என்றார். நான் வீட்டுக்கு அழைத்தேன். காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில் என்று கேட்கத்தான் மாமியார் கூப்பிட்டிருந்தார்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு புவனா கடைக்கு வந்தாள். பாய் அந்த ஜப்பான் போனை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தார். நெட் ஓடியது, பேச்சு ஓடவில்லை. அமைப்பில் மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்தார், பயனில்லை. அவளுடைய பழைய எண்ணை நாங்கள் அனுப்பிய பட்டன் போனுக்கு மாற்றினார். ஜப்பான் போனுக்கு நெட்டுக்கென்று வேறொரு சிம் போட்டார். "இது அவரைப் பாக்கறதுக்கு. இது ஆளைக் கூப்பிடறதுக்கு. ரெண்டையும் ஒண்ணா நெனச்சுராத சாமி."

அப்போதுதான் சதீஷ் வீடியோவில் வந்தார். தொழிற்சாலைத் தொப்பி, களைத்த முகம். குழந்தையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "அன்னிக்கு நீங்கதான் வண்டியை வரவெச்சீங்களாமுங்க. இவளுக்குப் பயத்துல கையே ஓடலைன்னு சொன்னா." பிறகு, "போன் எப்புடிங்க, நல்லா இருக்குதுங்களா? நம்மூருப் பசங்க நாலு பேரு இங்க இருக்கறாங்க. ஊட்டுக்கு அனுப்பறதுக்கு அவுங்களும் இதையேதான் வாங்கோணும்னு இருக்கறாங்க" என்றார்.

புவனா என்னைப் பார்த்தாள். உதடு அசையாமல் வேண்டாம் என்று கெஞ்சும் பார்வை. அவள் அவரிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாயைப் பார்த்தேன். அவர் சிம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் என் வாடிக்கையாளர், நான்தான் சொல்ல வேண்டும் என்று பொருள். ஒரு குடும்பத்துக்குள் நுழைவதா என்று ஒரு பக்கம். நாலு வீடு என்று மறுபக்கம்.

"போன் நல்ல போனுங்க. ஆனா நம்மூருல அதுல சாதாரண கால் போகாது, வராது. அன்னிக்கு அவ பயந்துபோய் ஒக்காரலைங்க. 108 அடிச்சா. போகலை."

வீடியோ நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். கண் இமைத்ததால் நிற்கவில்லை என்று தெரிந்தது.

"நான் பேசறப்பெல்லாம் நல்லாத்தானுங்க கேட்டுச்சு" என்றார் கடைசியில். பிறகு, "ஏன் புவனா சொல்லல?" என்றார். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, போனை வாங்கி, வெளியே படியில் போய் நின்று பேசினாள். நெடுநேரம் பேசினாள். நான் செய்தது சரியா என்று அவள் திரும்பி வரும்வரை எனக்குத் தெரியவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "நாலு பேருத்துகிட்டயும் சொல்லிடறேன்னு சொன்னாருங்கக்கா" என்றாள். என்னிடம் கோபமா இல்லையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். அவள் குழந்தைக்கும் என் மகளுக்கும் ஒரே நாளில் தடுப்பூசி. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிச் சிரித்தாள், நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பைக்குள் பட்டன் போன் அடித்தது. அவள் எடுக்கப் போகவில்லை. மூன்று நான்கு முறை அடித்துவிட்டு நின்றது.

"எடுக்கலையா?" என்றேன்.

"எடுக்கக் கூடாதுங்கக்கா. மதிய ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னால தெனமும் ஜப்பான்ல இருந்து ஒரு மிஸ்டு கால் உடுவாரு. ரிங்கு போகுதான்னு கேட்டுட்டு வெச்சுருவாரு."